புதிர் வழியே கணக்கும் ஆங்கிலமும்

(பள்ளிப்பட்டில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)





வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும், கம்பெனியில் நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக.

நம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பாடம் எது என்று கேட்டால், எல்லா வீட்டிலும் இரண்டு பெயர்தான் வருகிறது. ஒன்று கணக்கு, மற்றொன்று ஆங்கிலம். இந்தப் பயம் பத்தாம் வகுப்பில் வருவதல்ல. மூன்றாவது, நான்காவது படிக்கும்போதே வந்துவிடுகிறது. கடன் வாங்கிக் கழிப்பதும் வகுத்தலும் புரியாமல் ஐந்தாவது போன பிள்ளைக்கு, ஆறாவதில் பின்னம் புரியாது. பின்னம் புரியாதவனுக்கு எட்டாவதில் இயற்கணிதம் புரியாது. ஒன்பதாவதில் அவன், "படிப்பு ஏறலை, கம்பெனிக்குப் போறேன்" என்கிறான். நாமும் அவனுக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் மூன்றாம் வகுப்பில் விட்டுப்போன ஒரு படிதான் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

விட்டுப்போன படியை மறுபடி ஏற வைப்பது எப்படி? அதே கணக்கை நூறு முறை எழுது என்றால் பிள்ளை ஓடிவிடும். நம் மாலை வகுப்பில் புதிர்களைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். "பாடம் நடத்தாமல் விளையாட்டுக் காட்டுகிறார்களாமே" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விளக்கம் சொல்லவே இந்த உரை.

புதிர் நமக்குப் புதிதல்ல

ஸஹீஹ் புகாரியில் கல்வி பற்றிய அத்தியாயத்தில் ஒரு ஹதீஸ் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது ஒரு முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று கேட்டார்கள். பெரியவர்கள் எல்லாம் காட்டு மரங்களை நினைத்துப் பார்த்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அது பேரீச்ச மரம் என்று மனதில் பட்டது. ஆனால் பெரியவர்கள் இருக்கும் சபையில் வாய் திறக்க வெட்கப்பட்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு நபியவர்களே விடையைச் சொன்னார்கள். தமக்குத் தெரிந்திருந்தது என்று தந்தையிடம் அவர் பின்னர் சொன்னபோது, நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார் உமர் (ரலி).

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. கேள்வியாகப் போட்டு யோசிக்க வைப்பது சிறந்த கற்பித்தல் முறை என்பது ஒன்று. விடை தெரிந்தும் வெட்கப்பட்டு வாய் திறக்காத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்திலேயே 'மசலா' என்று ஒரு வகை உண்டு. மஸ்அலா என்ற அரபுச் சொல்லுக்குக் கேள்வி, பிரச்சினை என்று பொருள். வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' 1572இல் அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் அதுவே மிகப் பழையது என்பார்கள். அது கேள்வியும் விடையுமாகவே அமைந்த நூல். 'நூறு மசலா' என்ற நூலில் ஓர் இளவரசி புதிராகக் கேட்டுக்கொண்டே போவாள். பழைய தமிழ்க் கணக்கு நூலான 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் சொல்லிக்கொடுக்க அன்றைய வாத்தியார் பலாப்பழத்தைத்தான் கையில் எடுத்தார்.

அரசுப் பள்ளியிலும் இதே வழிதான்

அரசுப் பள்ளிகளிலும் இன்று செயல்பாட்டு முறைதான். அட்டைகளையும் ஏணிப்படிகளையும் வைத்துக் கற்பிக்கும் முறை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. அதற்கு முன்மாதிரி எங்கே இருந்தது தெரியுமா? நமக்கு அக்கம்பக்கம்தான். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலியில் இருந்து வந்தது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் பின்தங்கியதைச் சரிசெய்ய, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதை முதலமைச்சர் தொடங்கி வைத்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்து, பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளையின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, பள்ளிக்குப் போனால் "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என் பிள்ளை கணக்கில் அரும்பா, மொட்டா, மலரா? ஆங்கிலத்தில் எது?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் விட்டுப்போன படி எது என்று காட்டும்.

கணக்குப் புதிர்கள்

இப்போது வகுப்பில் நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். முதலில் மாயச் சதுரம். ஒன்பது கட்டம் போட்டு, 1 முதல் 9 வரை உள்ள எண்களை ஒவ்வொன்றும் ஒரே முறை வரும்படி நிரப்ப வேண்டும். எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும்.

2 – 7 – 6
9 – 5 – 1
4 – 3 – 8

நேராகவோ மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ கூட்டிப் பாருங்கள், 15 வரும். ஏன் 15? ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. மூன்று வரிசைக்கும் சமமாகப் பிரித்தால் 15. விடையைக் காட்டாமல் மூன்று எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், மீதியை நிரப்ப ஒரு பிள்ளை இருபது, முப்பது கூட்டல் கழித்தல் போட்டுவிடும். அதே முப்பது கணக்கை நோட்டில் எழுதிக் கொடுத்தால் ஐந்தோடு பேனாவை வைத்துவிடும். சரியா தப்பா என்று வாத்தியாரிடம் காட்டவும் தேவையில்லை. 15 வராவிட்டால் எங்கோ பிழை என்று பிள்ளைக்கே தெரியும். இதிலுள்ள பெரிய நன்மை அதுதான்.

எல்லா எண்ணோடும் 10 கூட்டினால் தொகை 45 ஆகும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் தொகை 30. ஒரே கட்டத்தை வைத்து அரும்புக்கும் மலருக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கலாம்.

இந்தக் கட்டத்தைத் தகட்டில் எழுதித் தாயத்தாகக் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாம் சொல்வது அதையல்ல. இதில் இருப்பது வெறும் கூட்டல் கணக்கு. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இருந்த இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழுவினர் தம் நூலில் இப்படிப்பட்ட சதுரங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நூற்றாண்டின் கணித அறிஞர் அபுல் வஃபாவும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் இதைக் கணக்காகத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது காலண்டர் கணக்கு. கடையில் இலவசமாகத் தரும் மாதக் காலண்டர் போதும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றிக் கட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்பதின் கூட்டுத்தொகையை நாம் நொடியில் சொல்லிவிடலாம். நடுவில் உள்ள தேதியை ஒன்பதால் பெருக்கினால் போதும். நடுவில் 16 இருந்தால் 144. பிள்ளை நம்பாமல் ஒன்பதையும் கூட்டிப் பார்க்கும். பிறகு ஏன் என்று கேட்கும். நடுவுக்கு முந்தைய தேதியில் ஒன்று குறைகிறது, பிந்தைய தேதியில் ஒன்று கூடுகிறது. மேலே ஏழு குறைகிறது, கீழே ஏழு கூடுகிறது. இதைக் கண்டுபிடித்த பிள்ளை இயற்கணிதத்தின் வாசலுக்கு வந்துவிட்டது.

பதினேழு ஒட்டகக் கதை பலருக்குத் தெரியும். ஒருவர் தம் 17 ஒட்டகங்களில் மூத்தவனுக்குப் பாதி, இரண்டாமவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிக்க முடியவில்லை. ஒரு பெரியவர் தம் ஒட்டகத்தைச் சேர்த்து 18 ஆக்கினார். மூத்தவனுக்கு 9, அடுத்தவனுக்கு 6, இளையவனுக்கு 2. கூட்டினால் 17. தம் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எப்படி? இரண்டு, மூன்று, ஒன்பது மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 18. பாதியையும் மூன்றில் ஒன்றையும் ஒன்பதில் ஒன்றையும் கூட்டினால் முழுசு வராது, பதினெட்டில் பதினேழுதான் வரும். சூட்சுமம் அங்கே இருக்கிறது.

இது கதைக் கணக்கு மட்டும்தான், ஷரீஅத் சொல்லும் பாகப்பிரிவினை அல்ல என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்குள் பங்கு சமம். கி.பி. 820 வாக்கில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலில் பெரும் பகுதி வாரிசுப் பங்கைக் கணக்கிடுவது பற்றியதே. இன்று பள்ளியில் படிக்கும் அல்ஜீப்ராவுக்கு அந்த நூலின் பெயரால்தான் பெயர் வந்தது. பின்னம் தெரியாமல் மீராஸ் பிரிக்க முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு. 100 மீட்டர் துணியை இரண்டு இரண்டு மீட்டராக வெட்ட வேண்டும். எத்தனை முறை கத்தரி போட வேண்டும்? நன்றாகப் படிக்கும் பிள்ளை சட்டென்று 50 என்று சொல்லும். பொதட்டூர்பேட்டை பக்கம் தறி வீட்டில் வளரும் பிள்ளை கொஞ்சம் யோசித்து 49 என்று சொல்லும். கடைசித் துண்டுக்கு வெட்டு வேண்டாமே! படிப்பு வராது என்று பேர் வாங்கிய பிள்ளை சரியான விடை சொல்லும் தருணம் இப்படித்தான் கிடைக்கிறது.

ஆங்கிலப் புதிர்கள்

நம் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் எல்லை ஊர்தான். நம் பிள்ளைக்கு வீட்டில் உர்தூவோ தமிழோ, தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மக்தபில் அரபு. இத்தனைக்கும் நடுவில் ஆங்கிலமும் வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். இத்தனை மொழி கேட்ட காது பெரிய சொத்து.

ஒரு எடுத்துக்காட்டு. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்துதான் பேனாவின் முதல் ஒலிக்கும் பஸ்ஸின் முதல் ஒலிக்கும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து. 'பி' என்று நாம் எழுதினால் எந்தப் பி என்று கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்துப்பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் உர்தூவில் 'பே' என்ற பெயரில் இரண்டும் தனித்தனி எழுத்து. மக்தபில் ஃபா, ஸாய் என்று ஓதிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தின் எஃப், இஸட் ஒலிகள் எளிது. ஹஜ்ரத்திடம் மக்ரஜ் திருத்தி ஓதும் பிள்ளைக்கு ஒலி வேறுபாடு நன்றாகவே பிடிபடும். இதை ஆங்கில வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஏற்றது சொல் ஏணி. லூயிஸ் கரோல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1877இல் உருவாக்கிய விளையாட்டு. அவர் கணக்கு வாத்தியாரும்கூட. ஒரு சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். 'பென்' என்பதில் முதல் எழுத்தை மாற்றினால் 'மென்'. நடு எழுத்தை மாற்றினால் 'மேன்'. கடைசி எழுத்தை மாற்றினால் 'மேட்'. பேனாவில் தொடங்கிப் பாயில் வந்து நிற்கிறோம். நடுவில் பல ஆண்களும் ஓர் ஆணும் வந்துவிட்டார்கள், ஒருமை பன்மையும் படித்தாயிற்று. ஒவ்வொரு படியிலும் பிள்ளை சொல்லைச் சத்தமாகச் சொல்லி, பொருளும் சொல்ல வேண்டும். பொருள் தெரியாத சொல்லுக்குப் படி கிடையாது.

குறுக்கெழுத்துப் போட்டி 1913 டிசம்பர் 21 அன்று ஒரு நியூயார்க் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவரால் தொடங்கியது. அதை நிரப்புவதை விடப் பிள்ளைகளே தயாரிப்பது நல்லது. ஐந்து சொல்லுக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுது என்றால், ஐந்து வாக்கியம் எழுதியாக வேண்டும். வெறுமனே கட்டுரை எழுது என்றால் எழுதாத பிள்ளை, நண்பனைத் திணறடிக்க வேண்டும் என்றால் எழுதுகிறது.

பேச்சுக்கு இருபது கேள்வி விளையாட்டு. ஒரு பிள்ளை ஒரு பொருளை மனதில் நினைத்துக்கொள்ளும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் ஆம், இல்லை என்று விடை வரும்படி கேட்க வேண்டும். "இஸ் இட் பிக்?", "கேன் வி ஈட் இட்?" என்று கேட்டுக் கேட்டே கேள்வி வாக்கியம் நாவில் படிந்துவிடும்.

எல்லாப் புதிரும் ஒரே பயன் தராது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டத்தில் சொல்லைத் தேடி வட்டமிடும் புதிர் கண்ணுக்குப் பயிற்சி, பொருள் தெரியாமலே முடித்துவிடலாம். ஆகவே தேட வேண்டிய சொல்லைக் கொடுக்காமல், அதன் பொருளைக் கொடுங்கள். சுடோகுவில் எண் இருக்கிறது, கூட்டல் கழித்தல் இல்லை. யோசிக்கும் பொறுமை வரும், வாய்ப்பாடு வராது. எதற்கு எந்தப் புதிர் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

புதிர் பாடத்துக்குப் பதில் அல்ல. பாடம் நடத்திய பிறகு பத்து நிமிடம் போதும். வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

முதலில் முடித்தவனுக்குப் பரிசு என்று வைக்காதீர்கள். வேகமான நான்கு பிள்ளைகள் முடித்ததும் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். விடை வந்ததும் "சரி" என்று மட்டும் சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். அந்த விளக்கத்தைப் பிள்ளை சொல்லும்போதுதான் பாடம் உறுதிப்படுகிறது.

வெட்கப்படும் பிள்ளைக்கு வருவோம். நம் பெண் பிள்ளைகளில் பலர் விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. அதற்கு எளிய வழி சிலேட்டு. கேள்வி கேட்டதும் யாரும் வாயால் சொல்லக் கூடாது. எல்லோரும் சிலேட்டில் எழுத வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் எல்லோரும் சேர்ந்து தூக்கிக் காட்ட வேண்டும். யாருக்குத் தெரியும் என்பது அப்போது தெரிந்துவிடும். தெரிந்தும் பேசாமல் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் கடமை.

வீட்டில் என்ன செய்யலாம்?

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே" என்று எந்தத் தாயும் சொல்ல வேண்டாம். விடுகதை போடத் தெரியுமே! பல்லாங்குழி ஆடத் தெரியுமே! பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எத்தனை என்று ஆட்டம் தொடங்கும் முன் கேளுங்கள். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று சொல்லிவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

ஷிப்டுக்குப் போகும் தகப்பன்மார்கள், லீவு நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜகாத் கணக்கையே புதிராகக் கேளுங்கள். நாற்பதில் ஒரு பங்கு என்றால் நூற்றுக்கு எவ்வளவு? 40 ஆடு முதல் 120 வரை ஓர் ஆடு, 121 முதல் 200 வரை இரண்டு ஆடு. 80 ஆடு வைத்திருக்கும் இருவர் தனித்தனியே கொடுத்தால் எத்தனை? 160 ஆடும் ஒருவருடையதாக இருந்தால் எத்தனை? இரண்டுக்கும் ஒரே விடைதான். அப்படியானால் 60 ஆடு வைத்திருக்கும் இருவருக்கும், 120 ஆடு வைத்திருக்கும் ஒருவருக்கும் ஒரே விடை வருமா? பிள்ளை யோசிக்கட்டும்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்

ஒன்று, பழைய காலண்டர், அட்டைப் பெட்டி, ஒரு பக்கம் எழுதிய காகிதம், உடைந்த சிலேட்டு எதுவானாலும் வீசாமல் மாலை வகுப்புக்குக் கொடுங்கள். புதிர் அட்டை செய்ய அதுவே போதும்.

இரண்டு, பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முன்வர வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிய வேண்டும் என்று இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் மனம் போதும்.

மூன்று, உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு புதிர்ப் பெட்டி வேண்டும் என்று அங்கே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முடிக்கும் முன் வீட்டுக்கு இரண்டு புதிர். மாயச் சதுரத்தில் எல்லா எண்ணையும் மூன்றால் பெருக்கினால் வரிசைத் தொகை என்ன? ஆங்கிலத்தில் சூடு என்று பொருள்படும் 'ஹாட்' என்ற சொல்லில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக மாற்றி, தொப்பி என்று பொருள்படும் 'கேப்' என்ற சொல்லுக்கு வாருங்கள். இடையில் இரண்டே சொல். விடையைப் பிள்ளைகளே எழுதி, எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற விளக்கத்தோடு மாலை வகுப்பில் கொடுக்கட்டும். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அறிவைப் பெருக்கித் தருமாறு அல்லாஹ்விடம் நம் பிள்ளைகளுக்காக துஆச் செய்வோம்.